மலைநாட்டு மாடும் உண்ணிக் காய்ச்சலும்

போன கிழமை பர்ஸானா தொலைபேசியில் கூப்பிட்டாள். எனக்குக் கீழே ஆய்வுகூடத்தில் வேலை பழகிய மூதூர்ப் பிள்ளை அவள். இன்றைக்கு அந்த ஆய்வுகூடமே அவளுடைய பொறுப்பில்தான் இருக்கிறது.

"மிஸ், புதுசா வந்த பிள்ளையள் மூளைப் பூச்சு எண்டா என்னெண்டு கேக்குதுகள். புத்தகத்தில படம் இருக்கு. கையால செய்தவை இப்ப இஞ்ச ஒருத்தரும் இல்ல. எப்பிடிச் செய்யிறதெண்டு எழுதித் தாறீங்களே?"

"நான் செய்ததும் கொஞ்சம்தான் பர்ஸானா."

"கிளிவெட்டி மாட்டின்ரயை எழுதுங்கோவன்."

அரைப் பக்கத்தில் எழுதி முடிக்கலாம் என்று நினைத்து உப்புவெளி வீட்டு முன்விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். செய்முறையை எழுதத் தொடங்கினால் அது எந்த மாட்டின் மூளை என்று எழுதவேண்டி வந்தது. மாட்டை எழுதினால் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இருந்த பெண் வந்தாள். பிள்ளைகளுக்கு வேண்டியதைவிட இது நீளம். பர்ஸானா வேண்டியதை வெட்டி எடுத்துக்கொள்ளட்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உயிரியல் படித்து, பல்கலைக்கழகம் கிடைக்காமல், மிருக வைத்தியப் பகுதியில் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தேன். கண்டிப் பக்கத்துக் குளிரில் கம்பளிச் சட்டையோடு இரத்தப் பூச்சுப் போடவும், சாயமூட்டவும், நுணுக்குக்காட்டியில் பார்க்கவும் பழக்கினார்கள். பிறகு திருகோணமலைக்கே அனுப்பிவிட்டார்கள். அலுவலகத்தின் பின்னால் ஒற்றை அறைதான் ஆய்வுகூடம். யன்னலால் துறைமுகத் தண்ணீரில் ஒரு துண்டு தெரியும். சண்டைக் காலம் அது. சாயம் கரைக்கிற மெதனோல் போத்தலைச் சோதனைச் சாவடியில் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். குடாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாட்டு இரத்தம் மூதூர் லாஞ்சியில், சனம் ஏறிவருகிற மோட்டார்ப் படகில், வரும். வெயிலில் கிடந்து, ஆடிக் குலுங்கி, பல நாளில் பார்ப்பதற்கு உதவாததாகவே வந்து சேரும்.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் டொக்டர் இராஜநாயகம். உயரமான, கொஞ்சம் கூனிய மனிதர். ஒரு மாட்டைப் பார்க்கப் போனால் உடனே கிட்டப் போகமாட்டார். பத்தடி தள்ளிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். மாடு எப்படி மூச்சு விடுகிறது, காதை எப்படி வைத்திருக்கிறது, அசை போடுகிறதா என்று பார்ப்பார். சொந்தக்காரருக்கு எரிச்சல் வரும்வரைக்கும் பார்ப்பார். ஒவ்வொரு மாட்டுக்கும் இடையில் கை கழுவுவார். சவர்க்காரத்தைத் தகரப் பேணி ஒன்றில் தானே கொண்டு திரிவார். வேலை முடியாமல் யார் வீட்டிலும் தேத்தண்ணி குடிக்கமாட்டார். எங்கள் எல்லோரையும் "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். நான் நுணுக்குக்காட்டியிலிருந்து தலையை நிமிர்த்தினால் அவர் கேட்பது ஒன்றுதான்.

"கண்டதைச் சொல்லுங்கோ பிள்ளை. நினைச்சதைப் பிறகு கதைப்பம்."

நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் காய்ச்சல் மாடு ஒன்றின் கழுத்து நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஒரு பூச்சும், வால் நுனியைக் குத்தி வந்த முதல் துளியில் இன்னொரு பூச்சும் போடச் சொன்னார். கழுத்து இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. வால் நுனி இரத்தத்தில் பார்த்த உடனே இருந்தது. ஒரே மாடு, ஒரே நேரம்.

"ஏன் டொக்டர்?"

"பெரிய குழாய்க்குள்ள ஓடுறவை கொஞ்சப் பேர். சின்னக் குழாய்க்குள்ள ஒட்டிக்கொண்டு நிக்கிறவைதான் கனபேர்" என்றார். "நீங்கள் காணாததுதான் மாட்டைக் கொல்லும். அதை மறக்காதேங்கோ."

அந்த ஒட்டுண்ணியின் பெயர் பபீசியா. ஊரில் அது தரும் வருத்தத்தை உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். மூத்திரம் சிவந்து போவதால் இரத்த மூத்திரம் என்றும் சொல்வார்கள். உண்ணி கடிக்கும்போது அதன் எச்சிலோடு மாட்டின் இரத்தத்துக்குள் இறங்கும். இறங்கியதும் ஒரு செங்குழியத்தை, அதாவது இரத்தச் சிவப்பணுவை, தேடிப் பிடிக்கும். முதலில் எந்தப் பக்கம் பட்டாலும், பிறகு புரண்டு தன் கூர்முனையை அதன் தோலுக்கு நேரே வைக்கும். அந்த முனையால் இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளும். செங்குழியத்தின் தோல் கிழியாது. உள்ளே குழிந்து, கிருமியைச் சுற்றி மூடிக்கொள்ளும். மலேரியாக் கிருமி அந்த மூடலுக்குள்ளேயே காலம் தள்ளும். பபீசியா அப்படி இராது. கொஞ்ச நேரத்தில் அந்த மூடலைக் கரைத்துவிட்டுச் செங்குழியத்தின் நடுவீட்டுக்குள் வந்துவிடும். அங்கேயே தின்று, இரண்டாகப் பிரிந்து, கூர்முனைகள் தொட்டுக்கொண்டு நிற்கிற இரண்டு துளிகள் போல் ஆகும். நாங்கள் தேடுவது அந்தச் சோடியைத்தான்.

அதோடு நின்றால் பரவாயில்லை. உள்ளே இருந்துகொண்டு தான் உண்டாக்கும் புரதங்களை வெளியே அனுப்பி, செங்குழியத்தின் தோலுக்கு அடியிலுள்ள சட்டத்தை மாற்றிவிடும். செங்குழியம் என்பது தன்னைவிட ஒடுங்கிய குழாய்க்குள்ளும் மடிந்து வளைந்து போகக்கூடியது. கிருமி புகுந்தபின் அது விறைத்துப் போகும். மேல்தோலில் வரம்பு வரம்பாகத் திரளும். திரண்ட இடங்களால் மயிர்க்குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி அடைத்துக்கொள்ளும். அடைப்பது மூளையில் என்றால் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

எங்கள் ஊர்மாடுகள் கன்றிலேயே உண்ணிக்கடி பட்டு, கிருமியைச் சுமந்துகொண்டே வாழப் பழகியவை. கன்றுப் பருவத்தில் இந்த வருத்தம் அவ்வளவாகத் தாக்காது. ஏனென்று முழுதாக யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. உண்ணி குறைந்த மலைநாட்டில் வளர்ந்த பெரிய மாட்டுக்கோ அந்தக் கிருமி முற்றிலும் புதிது.

சண்டை முடிந்து, இடம்பெயர்ந்தவர்கள் ஊர் திரும்பிய காலத்தில், மூதூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு வாழ்வாதாரம் என்று கறவை மாடுகள் கொடுக்கும் திட்டம் ஒன்று வந்தது. நல்ல நோக்கந்தான். ஊர்மாடு ஒரு செம்பு பால் தந்தால் பெரிய காரியம். இவை வாளி கணக்கில் கறக்கும். மலைநாட்டிலிருந்து வெள்ளையும் கறுப்புமான கலப்பினப் பசுக்கள். கூட்டத்தில் டொக்டர் எழும்பி, பெரிய பசு வேண்டாம், கன்றுகளாகக் கொண்டுவந்தால் இந்த மண்ணின் உண்ணிக்குப் பழகி வளரும் என்று சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் சொன்னது தவறென்று ஒருவரும் சொல்லவில்லை. கன்று கொடுத்தால் அந்தச் சனம் பாலுக்கு இரண்டு வருசம் காத்திருக்கவேண்டும், அதுவரை எதைச் சாப்பிடுவது என்று ஒருவர் கேட்டார். டொக்டர் திரும்பிக் கதிரையில் இருந்துவிட்டார். மாடுகளும் அதற்குள் வாங்கியாகிவிட்டன.

கிளிவெட்டியில் பள்ளிக்கூட மைதானத்தில் மாடுகளுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்துக் கையளித்தார்கள். நாங்கள் உண்ணி மருந்து கரைத்துக் குளிப்பாட்டிக் காட்டினோம். கொட்டிலைச் சுத்தமாக வைத்திருக்கச் சொன்னோம். அங்கேதான் நவமணி அக்காவை முதலில் கண்டேன். ஐம்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு. அவருக்குக் கிடைத்த பசுவோடு ஒரு கன்றும் இருந்தது. மற்றவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக, இவர் பசுவுக்கு முன்னால் நடக்காமல் பக்கத்தில் நடந்து போனார்.

அவருடைய புருசன் சண்டைக் காலத்தில் ஒருநாள் வெளியே போனவர், திரும்பவில்லை. ஒரே மகள் கவிதா. உயிரியல் பிரிவில் படித்து மட்டுமட்டாகப் பல்கலைக்கழகம் கிடைக்காமல் போனவள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஆயத்தமாகி, கடவுச்சீட்டுக்குப் படமும் எடுத்திருந்தாள். மாடு வருகிறது என்றதும் தாய் மறித்துவிட்டார். பால் விற்று வீட்டைப் பார்க்கலாம், நீ இன்னொருமுறை சோதனை எடு என்று. கொட்டிலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டுக்கொண்டு அவள் திரும்பவும் படிக்கத் தொடங்கியிருந்தாள்.

சில கிழமைகளில் செய்தி வரத் தொடங்கியது. முதலில் ஒரு மாடு, பிறகு அடுத்த ஒழுங்கையில் இரண்டு. லாஞ்சியில் வந்த இரத்தம் வழமைபோல் உடைந்து வந்தது. "இதை நம்பிக்கொண்டு இருக்க ஏலாது பிள்ளை. நாங்களே போவம்" என்றார் டொக்டர். மின்சாரம் வேண்டாத, கண்ணாடியால் வெளிச்சம் பிடிக்கிற பழைய நுணுக்குக்காட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு குடாவைக் கடந்தேன். மூதூரிலிருந்து ஜீப்பில் தோப்பூர் தாண்டிப் போனோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முதல் மூன்று மாடுகளும் முடிந்திருந்தன. நவமணி அக்காவின் பசு நின்றுகொண்டிருந்தது. தலை தொங்கிப் போய், காது சரிந்து, மூக்கு வறண்டு. டொக்டர் தன் வழக்கப்படி தள்ளி நின்று பார்த்தார். அதற்குள் பசு மூத்திரம் பெய்தது. பால் விடாத தேத்தண்ணியின் நிறம். நுரை தள்ளியிருந்தது.

"நேற்றுப் பின்னேரம்வரைக்கும் சாப்பிட்டது டொக்டர். காலமை பால் சுரக்கேல்ல. நான் ஏதும் பிழையா வைச்சுப்போட்டனே?" என்று நவமணி அக்கா கேட்டார்.

"நீங்கள் ஒண்டும் பிழை செய்யேல்ல அம்மா."

வால் நுனியில் மயிரை வழித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காய்ந்தபின் ஊசியால் குத்தினேன். முதல் துளியைக் கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் பிடித்து, இன்னொரு தகட்டின் விளிம்பால் சரித்துத் தள்ளினேன். விசிறிக் காயவைத்து, மெதனோலில் தோய்த்து, சாயம் ஊற்றிக் காத்திருந்தேன். கவிதாவின் படிப்பு மேசையில்தான் நுணுக்குக்காட்டியை வைத்தேன். வெயில் அந்த யன்னலால்தான் நன்றாக விழுந்தது. அவள் புத்தகங்களைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டு என் பக்கத்தில் நின்றாள்.

"கண்டதைச் சொல்லுங்கோ பிள்ளை."

"சோடி சோடியா இருக்கு டொக்டர். சின்னது. நல்லா விரிஞ்சு நிக்குது."

அவர் தானும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து ஊசி மருந்தை அளந்தார். அந்த மருந்து கிருமியைக் கொல்லும், சந்தேகமில்லை. அது கொல்லுவதற்குள் மாடு தாங்கவேண்டும். அதுதான் விசயம்.

கவிதா நுணுக்குக்காட்டியில் பார்க்கக் கேட்டாள். பார்க்கவிட்டேன். எல்லோரும் செய்வதுபோல் "எங்க, எங்க" என்று அவள் கேட்கவில்லை. கையை மேசையில் ஊன்றிக்கொண்டு கனநேரம் பார்த்தாள். திருகியை மெல்லத் திருப்பி ஆழம் மாற்றினாள். எனக்கு அதைப் பழக மாதக்கணக்கில் எடுத்தது.

"மிஸ், இது உள்ளுக்குப் போனாப்பிறகு அந்தச் செங்குழியம் மாட்டின்ரதோ, இதின்ரதோ?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"மாட்டின்ர இரத்தத்திலதான் ஓடுது. ஆனா மாட்டுக்கு வேலை செய்யிறேல்ல" என்றேன்.

"அப்ப மாட்டுக்கு அது தெரியாதே? தன்ர எண்டே நினைச்சுக்கொண்டிருக்குமே?"

"கொஞ்சம் கொஞ்சமாத் தெரியும். மண்ணீரல் பிடிச்சு அழிக்கப் பாக்கும். அதுக்குப் பிடிபடாமத்தான் இது குழாய்ச் சுவரில போய் ஒட்டுறது."

அவள் தலையாட்டினாள். அப்படியொரு கேள்வியை அதற்கு முன்னும் பின்னும் எந்தப் பயிற்சிப் பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. இந்தப் பிள்ளை என் கதிரையில் இருக்கவேண்டியவள் என்று அப்போதே நினைத்தேன்.

கன்றின் காது நுனியையும் குத்திப் பார்த்தேன். அதே கிருமி அதன் இரத்தத்திலும் இருந்தது. கன்று ஒன்றும் நடக்காததுபோல் வாலை நிமிர்த்திக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடியது.

அடுத்த நாள் காலை பசுவின் கண் இமையை விரித்துப் பார்த்தால் உள்ளே கடதாசிபோல் வெள்ளை. இரத்தம் அவ்வளவுக்கு உடைந்துவிட்டது. டொக்டர் பக்கத்து வளவுக்குப் போனார். அங்கே கந்தப்பர் என்ற வயதான கமக்காரரின் ஊர்மாடு ஒன்று கட்டியிருந்தது. மண்ணிறம், எலும்பு தெரிகிற உடம்பு, காதுமடல் நிறைய உண்ணி.

"ஐயா, உங்கட மாட்டின்ர இரத்தம் கொஞ்சம் வேணும்."

கந்தப்பர் விளங்காமல் பார்த்தார். "இதின்ர இரத்தமோ? அந்த மாட்டுக்கோ?"

"ஓம்."

"பால் தராட்டியும் இதையெண்டாலும் தரட்டும். எடுங்கோ."

மாட்டின் கழுத்தில் கயிற்றை இறுக்கியதும் நரம்பு விரல் மொத்தத்துக்கு எழும்பியது. டொக்டர் தடித்த ஊசியைப் போட, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து விட்ட போத்தலை நான் கீழே பிடித்தேன். குலுக்கக்கூடாது. செங்குழியம் உடைந்துவிடும். வட்டமாக மெதுவாக ஆட்டவேண்டும். போத்தல் என் கைக்குள் சூடாகிக்கொண்டு வந்தது. ஊர்மாடு அசை போட்டுக்கொண்டே நின்றது. பிறகு அந்தப் போத்தலைக் கொட்டில் வளையில் தூக்கிக் கட்டி, நவமணி அக்காவின் பசுவுக்கு ஏற்றினோம். கவிதா பசுவின் தலையைத் தன் மடியோடு அணைத்துப் பிடித்திருந்தாள். டொக்டர் முதல் கொஞ்ச நேரம் சொட்டுச் சொட்டாக விட்டு, பசு நடுங்குகிறதா என்று பார்த்து, பிறகு வேகத்தைக் கூட்டினார்.

பின்னேரம் பசு எழும்பி நின்றது. மூத்திரத்தின் நிறம் தெளிந்துகொண்டு வந்தது. நவமணி அக்கா நீட்டிய பச்சைப் புல்லை நாக்கால் சுற்றி இழுத்துத் தின்றது. வால் நுனி இரத்தத்தில் கிருமியைத் தேடித்தான் பிடிக்கவேண்டியிருந்தது. அயலட்டைச் சனம் வந்து வேலியால் எட்டிப் பார்த்துச் சிரித்தது. வேலை முடியாமல் எதுவும் குடிக்காத மனிதர் அன்று நவமணி அக்கா கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். அவர் நம்பிவிட்டார் என்று அதை வைத்துத்தான் எனக்கு விளங்கியது. நானும் நம்பினேன்.

இரவு டொக்டர் மூதூருக்குப் போய்விட, நான் பக்கத்து வீட்டில் தங்கினேன். மற்ற நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் கவிதா ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள். பசு கொட்டிலைத் தாங்குகிற மரக் கப்பில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. கயிற்றைப் பிடித்துத் திருப்பினால் திரும்பி, ஒரே பக்கமாக வட்டம் சுற்றி, மறுபடி வந்து அதே கப்பில் நெற்றியை வைத்து அழுத்தியது. கண் திறந்திருந்தது. நவமணி அக்காவின் கை கண்ணுக்கு முன்னால் ஆடியும் இமைக்கவில்லை. மூதூரிலிருந்து வந்து இறங்கிய டொக்டர் இந்தமுறை தள்ளி நிற்கவில்லை. நேரே போய் அதன் நெற்றியில் கை வைத்தார்.

"தலைக்குப் போயிட்டுது" என்றார் என்னிடம்.

"நேற்று சாப்பிட்டது டொக்டர்" என்றார் நவமணி அக்கா. "நிண்டது. நீங்கள் பாத்தனீங்கள்தானே?"

"பாத்தனான் அம்மா."

"மருந்து கிருமியைக் கொண்டுட்டுது எண்டு மிஸ் சொன்னவ."

நான் சொன்னது உண்மை. ஓடுகிற இரத்தத்தில் கிருமி இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒட்டிக்கொண்டு நின்றவை ஏற்கெனவே ஒட்டிவிட்டன. அடைபட்ட குழாய்க்குள் மூளை செத்துக்கொண்டிருந்தது. செத்த கிருமியும் குழாயை அடைத்துக்கொண்டுதான் நிற்கும்.

வெயில் ஏற முதலே பசு விழுந்தது. படுத்தபடி நாலு காலும் நீந்துவதுபோல் அடித்தது. பல்லை நெறுமியது. டொக்டர் ஊசி போட்டு அடக்கப் பார்த்தார். கவிதா அதன் தலை நிலத்தில் மோதாமல் தன் படிப்புக் கதிரையில் கிடந்த தலையணையைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு கால் அடிப்பது நின்றது. கன்று வந்து மடியை முட்டியது. நவமணி அக்கா அதை இழுத்துக் கட்டிவிட்டு, திரும்பி வந்து பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

டொக்டர் கை கழுவினார். துடைத்தார். மறுபடியும் கழுவினார். பிறகு அவரிடம் போய்க் குந்தினார்.

"அம்மா, மண்டையைத் திறந்து பாக்கவேணும். உங்களுக்கு விருப்பமில்லாட்டில் விடுவம்."

நவமணி அக்கா நிமிர்ந்தார். "வெட்டுங்கோ. ஒண்டுக்கெண்டாலும் என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியவேணும்."

பர்ஸானா கேட்ட செய்முறை இதுதான். மண்டையை வாளால் அரிந்து திறந்தபின், மூளையின் வெளிப்புறச் சாம்பல் பகுதியில் ஒரு அரிசி அளவுக்குக் கிள்ளி எடுக்கவேண்டும். பெரிதாக எடுத்தால் பூச்சு தடித்துவிடும். தகட்டின் ஒரு முனையில் வைத்து, இன்னொரு தகட்டை மேலே வைத்துப் பெருவிரலால் நசிக்கவேண்டும். நசித்தபடியே மற்ற முனைவரைக்கும் இழுக்கவேண்டும். காற்றில் காயவிட்டு, மெதனோலில் வைத்து, இரத்தப் பூச்சுக்கு விடுவதைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரம் சாயத்தில் விடவேண்டும். முதலில் சிறு வில்லையில் பார்த்து மயிர்க்குழாய்களைக் கண்டுபிடிக்க வேண்டும். மெல்லிய கொடிகள்போல் கிளைவிட்டுத் தெரியும். பிறகு எண்ணெய் விட்டுப் பெரிய வில்லை. நல்ல மாட்டில் அந்தக் குழாய்கள் அநேகமாக வெறுமையாக, வெளிறிக் கிடக்கும். இந்த மாட்டில் அவை முட்ட முட்ட நிறைந்திருந்தன. ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு செங்குழியங்கள். ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் அந்தச் சோடி. முதல்நாள் பின்னேரம் வால் நுனியில் நான் தேடித் தேடிப் பிடித்தவை இங்கே வந்து கூடியிருந்தன.

"கண்டதைச் சொல்லுங்கோ" என்று டொக்டர் அன்று கேட்கவில்லை. நான் தலையை நிமிர்த்த, அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து தானே பார்த்தார். கனநேரம் பார்த்தார். எழும்பும்போது, "எல்லாம் சரியாத்தான் செய்தம் பிள்ளை" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்ததை நான் வேறெப்போதும் கண்டதில்லை. பிழை விட்டிருந்தால் அடுத்தமுறை திருத்தலாம். திருத்துவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

அந்தத் தொகுதி மாடுகளில் அநேகம் அந்தப் பருவத்துக்குள்ளேயே முடிந்தன. சில நாடுகளில் இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. நான் வேலையில் இருந்தவரைக்கும் அது எங்கள் கைக்கு வரவில்லை.

சில மாதம் கழித்து நவமணி அக்காவும் கவிதாவும் ஆய்வுகூட வாசலில் வந்து நின்றார்கள். குவைத் முகவரைப் பார்க்கத் திருகோணமலை ரவுணுக்கு வந்தவர்கள். கவிதாவின் பயண நாள் குறித்தாகிவிட்டது. இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். கன்றைப் பற்றிக் கேட்டேன்.

"நல்லா நிக்குது மிஸ். நாம்பன், பால் தராது. என்ன செய்யிறது" என்றார் நவமணி அக்கா. பிறகு, "எங்கட மாட்டின்ர அதை வைச்சிருக்கிறீங்களே? நான் பாக்கலாமே?" என்று கேட்டார்.

பெட்டியிலிருந்து அந்தத் தகட்டை எடுத்து வைத்து, குழாய் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு எழும்பினேன். நவமணி அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து இருந்தார். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். சாயத்தில் செங்குழியங்கள் மங்கிய ரோசாவாகவும் கிருமிகள் ஊதாவாகவும் தெரியும். வெளிச்சம் அன்று நன்றாக விழுந்தது.

"என்ன வடிவாயிருக்கு" என்றார் மெதுவாக.

அவர் முகம் நுணுக்குக்காட்டிக்கு இன்னும் கிட்டப் போனது.

"இதுதானே?"

"ஓம் அக்கா. இதுதான்."

அவர் கண்ணை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன நடந்தது எண்டு தெரிஞ்சா மனம் ஆறும் எண்டு நினைச்சனான் மிஸ். இத்தினை வருசமா அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

அவர் மாட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கியது. கவிதாவுக்கும் விளங்கியது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு துறைமுகப் பக்கம் பார்த்தபடி நின்றாள்.

"நீயும் வந்து பார் பிள்ளை" என்று கூப்பிட்டேன்.

"வேண்டாம் மிஸ். லாஞ்சி போயிடும்" என்றாள். லாஞ்சிக்கு நிறைய நேரம் இருந்தது.

அவளை எப்படியாவது ஆய்வுகூடத்துக்குள் எடுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டேன். அவரும் மேலே கேட்டார். புதிதாக ஆள் எடுப்பதில்லை என்று பதில் வந்தது. வெற்றிடம் வந்து பர்ஸானா சேர்ந்தபோது கவிதா போய் வருசங்கள் ஆகியிருந்தன. டொக்டர் ஓய்வு பெற்றுக் கொஞ்சக் காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார்.

பர்ஸானாவுக்கு இவ்வளவும் எழுதி முடித்து, நேற்றுக் காலமை அதைக் கொடுக்கலாம் என்று ரவுணுக்குப் போனேன். பேருந்து நிலையத்தில் யாரோ "மிஸ்" என்று கூப்பிட்டார்கள். திரும்பினால் கவிதா. தலைமயிர் முன்பக்கம் நரைத்திருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற மருந்தால் விரல்களின் தோல் வெளிறி உரிந்திருந்தது. விடுமுறை முடிந்து மறுபடி குவைத்துக்குப் பறக்கக் கொழும்புக்குப் போகிறாள். இத்தனை வருசத்தில் இது எத்தனையாவது பயணம் என்று நான் கேட்கவில்லை. தாயைக் கேட்டேன்.

"இருக்கிறா மிஸ். முழங்காலுக்கு ஏலாது. உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும் எண்டுதான் நினைச்சுக்கொண்டு வந்தனான், நீங்களே நிக்கிறீங்கள்." பையைக் கீழே வைத்தாள். "திரும்ப மாடு குடுக்கப் போறாங்களாம். மலைநாட்டு மாடுதான். அம்மாவுக்கும் ஒண்டாம். எடுக்கலாமே மிஸ்? இப்ப அதுக்கு ஊசி கீசி ஏதும் வந்திருக்கே?"

எடுக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எடு என்றும் சொல்ல முடியவில்லை. கன்றாகக் கேட்டுப் பாருங்கோ, ஒவ்வொரு நாளும் உண்ணி பாருங்கோ, மூத்திரம் சிவக்கும்வரைக்கும் பார்த்துக்கொண்டிராமல் உடம்பு சுட்ட உடனே பர்ஸானாவைக் கூப்பிடுங்கோ என்று சொல்லிக்கொண்டு போனேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றாள். கொழும்பு பஸ் வந்து நின்றது. பையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

"பரவாயில்ல மிஸ்" என்றாள். "அம்மா கொட்டில் போட்டு முடிச்சிட்டா."